வாயிற்காவலும் தமிழெழுத்தும்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கும் அதியமான்கோட்டை, பழைய கோட்டையின் சுவடுகளையும், சுவரோவியங்களுக்குப் பெயர்பெற்ற சென்றாயப் பெருமாள் கோயிலையும், தேய்பிறை அஷ்டமி தோறும் பக்தர்கள் திரளாகக் கூடும் காலபைரவர் ஆலயத்தையும் உடைய ஊர். இத்தகைய ஊரின் சரித்திரத்தையும் விழாக்களையும் தமிழிலேயே எழுதி உலகத்தார் முன் வைக்க விரும்பும் ஓர் இளைஞர், அதிகப் பொருட்செலவின்றி ஒரு வலைத்தளம் அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படிப்பவர்கள் தங்கள் அபிப்பிராயத்தையும் தங்கள் குடும்பத்தில் வழங்கும் பழைய செய்திகளையும் எழுதி அனுப்புவதற்கென்று அதில் ஒரு படிவத்தையும் அவர் வைக்கிறார். சில வாரங்கள் எல்லாம் கிரமமாக நடக்கின்றன. பிறகு ஒரு நாள் முதல், தமிழில் ஒரு பத்தி எழுதி அனுப்புகிறவர்களுக்கெல்லாம் ‘403, அனுமதி இல்லை’ என்ற வெறும் பக்கமே பதிலாக வருகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுடைய கடிதமோ தடையின்றிப் போய்ச் சேருகிறது.

படிவத்துக்குரிய பிளகினை, அதாவது தளத்தோடு இணைக்கப்படும் துணை நிரலை, இயற்றியவரிடம் முறையிட்டால், தம் நிரலில் பிழை ஏதுமில்லை என்கிறார். சர்வரை வாடகைக்குத் தந்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தாரிடம் முறையிட்டால், தங்களுடைய ஃபயர்வால் தன் கடமையையே செய்கிறது என்கிறார்கள். இருவர் கூற்றும் மெய்யாக இருக்கக்கூடும் என்பதுதான் இவ்விஷயத்தில் நாம் ஆழ்ந்து கவனிக்கவேண்டிய அம்சம். தனித்தனியே ஆராய்ந்தால் இரண்டிலும் குற்றமில்லாதபோது, அவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலே ஒரு குற்றம் உற்பத்தியாகிறது. அதை ஏதேனும் ஒன்றின்மேல் ஏற்றிக் கூறிவிட்டு, அந்த ஒன்றை நீக்கிவிடுவதே பரிகாரம் என்று எண்ணுகிற வழக்கத்தினால்தான், எத்தனையோ நல்ல பிளகின்கள் காரணமின்றி எறியப்படுகின்றன, எத்தனையோ தளங்கள் காவலின்றிக் கிடக்கின்றன.

இதன் இயல்பை உணர, வலைத்தளம் ஒன்று எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஒருவாறு அறிந்துகொள்ள வேண்டும். உலகத்துத் தளங்களுள் மிகப் பெரிய பங்கினைத் தாங்கி நிற்கும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள், 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவரால் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த 1.2 என்ற பதிப்பிலே, மூல நிரலில் கை வைக்காமலே பிறர் தத்தம் நிரல்களை அதனோடு இணைத்துக்கொள்வதற்கு வழி செய்யப்பட்டது. மூல நிரல் தன் காரியங்களைச் செய்துகொண்டு போகையில், இன்னின்ன இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று அங்கங்கே அறிவித்துச் செல்லும். அவ்விடங்களில் எந்தப் பிளகின் தன் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறதோ அது அப்போது எழுந்து தன் வேலையைச் செய்துவிட்டு அமரும். ஒரே இடத்தில் பத்துப் பிளகின்கள் பெயர் பதிந்திருந்தாலும், அவற்றை இயற்றியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களல்லர். ஒன்று மாற்றி வைத்ததையே அடுத்தது கையில் வாங்குகிறது. இந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் சாமானியர் ஒருவர் சில நாழிகையில் தளம் அமைத்துவிட முடியாது என்பதையும், இதே சுதந்திரம்தான் எதிர்பாராத மோதல்களுக்கெல்லாம் பிறப்பிடம் என்பதையும் சேர்த்தே மனத்திற்கொள்ள வேண்டும்.

ஃபயர்வாலைப் பொறுத்தவரையில், நம் தேசத்துக் கோட்டைகளே அதனை விளங்கவைக்கப் போதுமானவை. அகழியைக் கடப்பவனை முதற்காவலனும், வாயிலில் நுழைபவனை இரண்டாம் காவலனும், அரண்மனைக் கதவருகே வருபவனை மூன்றாம் காவலனும் விசாரித்தது போல, வலைத்தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் பெரும்பாலும் மூன்று காவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கின்றன. முதலாவது, கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்கள் தளத்துக்கு வெகு தொலைவிலேயே நிறுத்தியிருப்பது. இரண்டாவது, சர்வரிலேயே உறைவது. மூன்றாவது, வேர்ட்பிரஸுக்கு உள்ளேயே ஒரு பிளகினாக அமர்ந்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிப்புத்தகமும் தனித்தனிப் பதிவேடும் உண்டு. ஒன்று அனுமதித்ததை மற்றொன்று தடுக்கலாம். தடுத்த காவல் எது என்பது, வெளியே நிற்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதேயில்லை. மூன்றாவது காவலில் மற்றொரு விசேஷமும் இருக்கிறது: அதுவும் ஒரு பிளகினாகையால், காவலனுக்கும் காக்கப்படுபவனுக்கும் ஒரே அறைதான். தன் பக்கத்தில் இயங்கும் வேறொரு பிளகின் தளத்துக்குள்ளேயே அனுப்பிக்கொள்ளும் செய்தியைக்கூட அது அந்நியன் என்று கருதித் தடுத்துவிடும்.

நம் இளைஞருடைய தளத்தில் தமிழைத் தடுத்தது இரண்டாம் காவல் என்று கொண்டு, அதன் உள்ளத்தைச் சற்று ஆராய்வோம். இவான் ரிஸ்டிச் என்பவர் 2002-ஆம் ஆண்டில் படைத்த மாட்செக்யூரிட்டி என்னும் கருவி, உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களில் இவ்வேலையைச் செய்துவருகிறது. அக்கருவி ஒரு யந்திரம் மாத்திரமே. எதைச் சந்தேகிப்பது என்று அதற்குக் கற்பிப்பது, ஓவாஸ்ப் என்னும் தன்னார்வ ஸ்தாபனத்தார் பேணிவரும் ‘கோர் ரூல் செட்’ என்ற விதித்தொகுப்பு. 2016-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல், விதிகள் நான்கு சந்தேக நிலைகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலை மிதமானது, நான்காம் நிலை எவரையும் நம்பாதது. ஒரு விதி மீறப்பட்ட மாத்திரத்திலேயே கோரிக்கை தள்ளப்படுவதில்லை. மீறலின் கடுமைக்கேற்ப 2, 3, 4, 5 என்று புள்ளிகள் சேர்ந்துகொண்டே வந்து, கூட்டுத்தொகை வழக்கமான எல்லையாகிய 5-ஐ எட்டியபோதுதான் வாயில் அடைக்கப்படுகிறது. தனித்தனியே பொருட்படுத்தத் தகாத சந்தேகங்கள் பல சேர்ந்தால் அபாயத்தைச் சுட்டும் என்னும் நியாயம் இதில் அடங்கியிருக்கிறது. அது பெரும்பாலும் சரியான நியாயமே. ஆயினும் நிரபராதியான இரண்டு காரணங்களைக் கூட்டி ஒரு குற்றமாக்கும் வழியும் இதே கணக்கினுள்தான் இருக்கிறது.

தமிழெழுத்து கணிப்பொறியினுள் எந்த உருவில் உலவுகிறது என்பதை இனிக் காண வேண்டும். கென் தாம்ஸன், ராப் பைக் என்னும் அறிஞர்கள் 1992-இல் வகுத்த யூடிஎஃப்-8 என்ற முறையில், ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டிலும், தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளிலும் அமைகின்றன. நம்முடைய குறிகள் யாவற்றுக்கும் முதல் பைட்டின் எண் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128 முதல் 191 வரையில் ஏதேனும் ஒன்று. ‘ழ’ என்பது 224, 174, 180 என்ற மூன்று எண்களின் வரிசை. ‘ங’ என்பது 224, 174, 153. ஈகாரக் குறியாகிய ‘ீ’ 224, 175, 128 ஆகும். மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் அது எழுத்து. பிரித்து வாசித்தால் வெறும் எண்கள்.

மாட்செக்யூரிட்டியோ எழுத்தாக வாசிப்பதில்லை, பைட்டு பைட்டாக வாசிக்கிறது. கோர் ரூல் செட்டின் மூன்றாம் பதிப்பில், இரண்டாம் சந்தேக நிலையில், 942430 என்னும் எண்ணுடைய விதி ஒன்று உண்டு. தரவுத்தளத்தை ஏமாற்றித் திருட முயல்பவர்கள் மேற்கோட் குறிகள், அடைப்புக் குறிகள், நட்சத்திரக் குறிகள் முதலியவற்றை மிகுதியாகப் பிரயோகிப்பார்களாகையால், படிவத்தின் ஒரே கட்டத்தில் அத்தகைய குறிகள் பன்னிரண்டு தென்பட்டால் 3 புள்ளிகள் சேர்க்கவேண்டும் என்பது அவ்விதி. அதில் எண்ணப்படும் குறிகளின் பட்டியலில் சாதாரண மேற்கோட் குறிகளோடு, ஐரோப்பிய எழுத்துகளின் தலைமேல் இடப்படும் சாய்கோட்டுக் குறியும், வளைந்த ஒற்றை மேற்கோட் குறிகள் இரண்டும் இடம்பெற்றிருக்கின்றன. சாய்கோட்டுக் குறி 194, 180 என்ற இரண்டு பைட்டுகளால் ஆனது. வளைந்த மூடு குறி 226, 128, 153 என்பவற்றால் ஆனது. பைட்டு பைட்டாக வாசிக்கும் யந்திரத்துக்கு இப்பட்டியல், 180-உம் 128-உம் 153-உம் தனித்தனியே சந்தேகக் குறிகள் என்றே பொருள்படுகிறது. 180-இல் முடியும் ழகரமும், 153-இல் முடியும் ஙகரமும், 128-இல் முடியும் ஈகாரக் குறியும், அந்த யந்திரத்தின் கண்ணில் மேற்கோட் குறிகளாகி விடுகின்றன!

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ‘நீங்கள்’ என்று மரியாதையாக ஒருவரை விளித்தால் சந்தேகக் குறி இரண்டு. ‘கீழ்’ என்று எழுதினால் இரண்டு. ‘தமிழ்’ என்று எழுதினால் ஒன்று. ‘வாழ்க்கை’, ‘திருவிழா’, ‘எங்கள்’, ‘இங்கு’ என்பவற்றில் ஒவ்வொன்று. பழைய சம்பவம் ஒன்றை நாலைந்து வாக்கியங்களில் விவரிக்கும் எந்தத் தமிழ்க் கடிதமும் பன்னிரண்டை எளிதில் தாண்டிவிடும். அழகுக்காக வளைந்த மேற்கோட் குறி இட்டு எழுதுகிறவருக்கோ, ஒரே குறிக்கு அதன் மூன்று பைட்டுகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. விதியை வகுத்தவர்கள் தமிழுக்கு விரோதிகளல்லர். இங்ஙனம் ஆகுமென்று அவர்கள் எதிர்பார்க்கவுமில்லை. பைட்டுகளை எண்ணுவதும் எழுத்துகளை எண்ணுவதும் ஒன்றே என்னும் அனுமானம், ஆங்கிலத்தைப் பொறுத்தவரை பிழையற்றதாய் இருந்து, நம் மொழியை அடைந்தவுடன் பிழையாகிவிட்டது.

ஆனால் 3 புள்ளிகள் 5-ஐ எட்டா. ஆகையால்தான் சில வாரங்கள் வரையில் தமிழ்க் கடிதங்கள் தடையின்றிப் போயின. பின்னர் ஒரு நாள் பிளகின் புதுப்பிக்கப்பட்டு, ‘செய்தி’ என்ற கட்டத்தோடு ‘உங்கள் ஊரைப் பற்றிய விவரம்’ என்றும் ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது என்று கொள்வோம். அதே விதி இரண்டு கட்டங்களிலும் தனித்தனியே பொருந்துகிறது, மூன்றும் மூன்றும் ஆறு, எல்லை கடந்துவிட்டது, கதவு அடைபட்டது. ஃபயர்வாலில் ஒருவரும் கை வைக்கவில்லை, பிளகினிலும் பிழை நுழையவில்லை. நேற்று வரையில் நடந்த காரியம் இன்று நிற்பதற்கு, ஒரு புதிய கட்டமும் ஒரு பழைய விதியும் சேர்ந்த கூட்டே காரணம். மூன்றாம் சந்தேக நிலையைத் தேர்ந்துகொண்ட சர்வரில் நிலைமை இன்னும் கடுமை: 920272 என்னும் விதி 126-க்கு மேற்பட்ட எந்தப் பைட்டையும் ஏற்பதில்லையாதலின், ‘அ’ என்ற ஓரெழுத்தே 5 புள்ளிகளையும் ஈட்டித் தந்துவிடும். தமிழ்த் தளம் நடத்துகிறவர் தம் சர்வர் எந்நிலையில் நிற்கிறது என்று ஹோஸ்டிங் நிறுவனத்தாரைக் கேட்டறிய வேண்டியது, ஆகவே, முதற்கண் செய்யத்தக்க காரியம்.

மூன்று பைட்டு என்னும் இவ்வுண்மை முகவரியிலும் தன் வேலையைக் காட்டுகிறது. வலை முகவரியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும், பைட்டுக்கு மூன்று வீதம், ஒன்பது இடங்களை அடைத்துக்கொள்ளும். வேர்ட்பிரஸோ ஒரு கட்டுரையின் முகவரிக்கு 200 இடங்களுக்கு மேல் தருவதில்லை. ‘அதியமான்கோட்டை காலபைரவர் கோயில்’ என்று தலைப்பிட்டால், ஊர்ப் பெயரின் பதினான்கு குறிகளுக்கு 126 இடங்களும், இடைக்கோட்டுக்கு ஓர் இடமும் போக, எஞ்சிய 73-இல் எட்டுக் குறிகளுக்கே இடமிருக்கிறது. ‘காலபைரவர’ என்று புள்ளி இழந்த நிலையில் முகவரி முடிந்துவிடுகிறது, கோயில் முற்றிலும் மறைந்துபோகிறது. இவ்வாறு அரைகுறையாய் வெட்டுண்ட முகவரிகளை வேறு பிளகின்கள் திருத்த முற்படுகையில், பக்கம் தன்னையே சுற்றிச் சுற்றித் திருப்பிவிடப்படும் விபரீதமும் நேரக்கூடும். தமிழ்த் தலைப்புக்குக் குறுகிய முகவரியை நாமே கையால் எழுதித் தருவது உத்தமம்.

இனி, பிழை தோன்றியபின் விசாரிக்கும் முறைக்கு வருவோம். முதல் சாட்சி, திரையில் தோன்றும் எண். 4 என்ற இலக்கத்தில் தொடங்குபவை, கோரிக்கை ஏற்கப்படவில்லை என்பதற்கு அடையாளம். 5-இல் தொடங்குபவை, ஏற்ற பின்னர் சர்வரால் நிறைவேற்ற இயலவில்லை என்பதற்கு அடையாளம். 403, 406 என்பவை தோன்றினால் பெரும்பாலும் காவலனை நோக்கிச் செல்ல வேண்டும். 500 தோன்றினால் நிரலை நோக்கிச் செல்ல வேண்டும். 429 என்றால் ஒரே முகவரியிலிருந்து அளவுக்கு மிஞ்சிய கோரிக்கைகள் வந்தன என்பது பொருள். 502, 504 என்பவை, முன்னே நிற்கும் காவலுக்குப் பின்னே இருக்கும் சர்வரிடமிருந்து ஒழுங்கான பதில் கிட்டவில்லை என்பதைத் தெரிவிக்கின்றன. இது ஒரு திசைகாட்டியே தவிரத் தீர்ப்பன்று.

ஏனெனில், சாட்சி சில வேளைகளில் தான் காணாததைக் கண்டதாகக் கூறிவிடுகிறது. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.0 முதற்கொண்டு, கட்டுரை எழுதும் பலகை, தான் எழுதியதை ஜேசான் என்னும் ஒரு கட்டமைப்பில் பொதிந்து சர்வருக்கு அனுப்பி, அதே கட்டமைப்பில் பதிலையும் எதிர்பார்க்கிறது. இடையில் ஃபயர்வால் அதனைத் தடுத்து, ‘அனுமதி இல்லை’ என்ற சாதாரணப் பக்கத்தைத் திருப்பியனுப்பினால், பலகை அதைக் காவலனின் மறுப்பென்று அறியாமல், ‘புதுப்பிக்க இயலவில்லை, வந்த பதில் சரியான ஜேசான் அன்று’ என்று அறிவிக்கிறது. அதை நம்பி ஜேசானில் குற்றம் தேடிப் பல நாட்களைக் கழித்தவர்கள் அனந்தம். உலாவியில் உள்ள ஆய்வுச் சாளரத்தைத் திறந்து, ‘நெட்வொர்க்’ என்ற பகுதியில், அந்தக் கோரிக்கைக்கு உண்மையில் வந்த பதிலைக் கண்ணால் காண்பது ஒரு நிமிஷத்துக் காரியம். அதைச் செய்யாமல் மேற்கொள்ளும் பிரயாசையெல்லாம் இருட்டில் துழாவுவதே.

சாட்சிகளுள் சிறந்தது பதிவேடு. மாட்செக்யூரிட்டி ஒரு கோரிக்கையைத் தடுக்கும்போது, எந்த நேரத்தில், எந்த விதி எண்ணின்படி, எந்தக் கட்டத்தில், எந்த எழுத்துகளைக் கண்டு அவ்வாறு செய்தது என்பதை ஒரு வரியில் எழுதி வைக்கிறது. ஆகவே ஹோஸ்டிங் நிறுவனத்தாருக்கு எழுதுகிற கடிதத்தில், ‘சைட் வேலை செய்யவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, இன்ன தேதி, இன்ன மணி, இன்ன நிமிஷத்தில், இன்ன முகவரியிலிருந்து இன்ன படிவத்தை அனுப்பியபோது 403 வந்தது, அந்நேரத்துப் பதிவேட்டு வரியையும் விதி எண்ணையும் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினால், ஒரு வாரத்து வாதப் பிரதிவாதம் ஒரு மணி நேரத்தில் முடிவதை அனுபவத்தில் காணலாம். வேர்ட்பிரஸுக்கும் இத்தகைய ஒரு பதிவேடு உண்டு. அமைப்புக் கோப்பில் சிறிது மாற்றம் செய்து அதைத் திறந்து வைத்தால், எந்தப் பிளகினின் எந்த வரியில் நிரல் இடறியது என்பதை அது எழுதும். வேலை முடிந்ததும் அதை மூடிவிட வேண்டும்; திறந்து கிடக்கும் பதிவேடு பகைவருக்கும் பயன்படும்.

பதிவேட்டில் ஒன்றும் அகப்படாதபோதுதான் விலக்கிப் பார்க்கும் முறையை நாட வேண்டும். எல்லாப் பிளகின்களையும் நிறுத்தி, பிழை மறைகிறதா என்று காண்பது முதற்படி. பின்னர் பாதியை இயக்கி, பிழை எந்தப் பாதியில் இருக்கிறதென்று கண்டு, அப்பாதியை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போனால், முப்பத்திரண்டு பிளகின்களுள் குற்றவாளி ஒன்றேயாயின் ஐந்து சோதனைகளில் அகப்பட்டுவிடும். ஆனால் மோதல் என்பது இரண்டுக்கு நடுவில் நிகழ்வதாயிற்றே! முதற்பாதி தனியே இயங்கும்போதும் பிழையில்லை, இரண்டாம் பாதி தனியே இயங்கும்போதும் பிழையில்லை, சேர்ந்தால் பிழை வருகிறது என்ற நிலை தோன்றினால், அனுபவமில்லாதவர் திகைத்து, பிளகின்களை இரண்டிரண்டாக இணைத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார், பிளகின்கள் இருபதேயாயினும் அவ்விணைகளோ 190. ஜெர்மானிய அறிஞர் ஆண்ட்ரியாஸ் ஸெல்லர் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஓர் அழகிய வழியைக் காட்டியது. இரண்டாம் பாதி முழுவதையும் இயங்கவிட்டு, முதற்பாதியை மாத்திரம் பிளந்து பிளந்து சோதித்தால், அதனுள் இருக்கும் கூட்டாளி வெளிப்படுவான். பிறகு அவனை நிறுத்திவைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைப் பிளந்தால் மற்றவனும் வெளிப்படுவான். 190 சோதனைகள் எட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. இச்சோதனைகளை வாசகர் வந்து போய்க்கொண்டிருக்கும் தளத்திலேயே செய்ய நேர்ந்தால், ‘ஹெல்த் செக் அண்ட் டிரபுள்ஷூட்டிங்’ என்னும் பிளகின் துணை செய்யும். அது நிர்வாகியின் கண்ணுக்கு மட்டும் பிற பிளகின்களை நிறுத்திக்காட்டி, மற்றவர்களுக்குத் தளத்தை முன்போலவே வைத்திருக்கும்.

ஃபயர்வாலின் வேலை போலவே தோன்றி, ஃபயர்வாலுக்குச் சம்பந்தமே இல்லாத பிழைகளும் உண்டு. படிவங்களை அனுப்புகிறவர் உண்மையில் அப்பக்கத்திலிருந்துதான் அனுப்புகிறாரா என்று சரிபார்க்க, வேர்ட்பிரஸ் படிவமுள்ள பக்கத்தில் மறைவாக ஓர் அடையாள எண்ணை வைக்க வழிசெய்கிறது. அதன் ஆயுள் அதிகபட்சம் 24 மணி நேரம். பக்கங்களைச் சேமித்து வைத்து விரைவாக வழங்கும் கேச் பிளகினோ, அப்பக்கத்தை அடையாள எண்ணோடு சேர்த்து இரண்டு மூன்று நாட்கள் வைத்திருந்து வழங்கிவிடுகிறது. காலாவதியான எண்ணோடு வரும் படிவத்தை ஏற்க மறுத்து வேர்ட்பிரஸ் 403 என்று பதிலிறுக்கிறது. கேச்சைக் கிளியர் செய்தவுடன் பிழை மறைந்துவிடுவதால் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். மறுநாளைக்கு மறுநாள் அது திரும்பவும் தலைகாட்டுகிறது. ஒரு பிழை நாள் கணக்கில் மறைந்து மறைந்து தோன்றுமாயின், காலாவதியாகும் பொருள் ஏதோ இடையில் இருக்கிறது என்று சந்தேகிப்பது நியாயம்.

கோரிக்கை வந்த இணைய முகவரியைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையும் இத்தகைய மயக்கத்துக்கு இடந்தருவது. நான்காம் பதிப்பு இணைய முகவரிகள் மொத்தம் ஏறக்குறைய 429 கோடியே. ஆசியப் பகுதிக்குரிய இருப்பு 2011-ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே கடைசித் தொகுதியை எட்டிவிட்டது. அதனால் கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டு வழங்குகின்றன. தேய்பிறை அஷ்டமியன்று ஆலயத்தின் பூஜை நேரத்தை அறிய நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் கைபேசியைத் திறந்தால், அவர்களுள் பலரும் ஒரே ஆளாகக் காவலனுக்குத் தோன்றி, மிகையாகக் கேட்கிறான் என்ற காரணத்தால் அனைவரும் தடுக்கப்படலாம். தளத்துக்கு முன்னே கிளவுட்ஃபிளேர் போன்ற காவல் நிற்குமாயின் நிலைமை இன்னும் மோசம்: உலகத்து வாசகர் அனைவரும் அந்த முன்காவலின் முகவரிகளிலிருந்தே வருவதாக உள்ளே உள்ள பாதுகாப்புப் பிளகின் கருதும், எவனோ ஒருவன் கடவுச்சொல்லைப் பத்து முறை தவறாக இட்டதற்காக எல்லோரையும் வெளியே நிறுத்திவிடும். உண்மையான முகவரியை முன்காவல் கோரிக்கையின் தலைப்பில் எழுதியனுப்பத்தான் செய்கிறது. அதைப் படிக்கும்படி பிளகினுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

காவலே தளங்களை வீழ்த்திய பெரிய திருஷ்டாந்தம் 2019-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி நிகழ்ந்தது. நம் நாட்டு மணிக்கு மாலை 7-12 அளவில், கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் ஃபயர்வாலில் ஒரு புதிய விதியைச் சேர்த்தது. எவரையும் தடுக்காமல், பொருந்தினால் குறித்து வைக்க மட்டுமே ஏவப்பட்ட சோதனை விதி அது. ஆனால் அவ்விதியில் அமைந்திருந்த தேடற்சூத்திரம், ஓர் எழுத்து வரிசையை எண்ணற்ற விதங்களில் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தோற்றுத் திரும்பும் இயல்பினதாய் இருந்ததால், உலகெங்கிலும் உள்ள அந்நிறுவனத்துச் சர்வர்களின் கணிப்புத் திறன் முழுவதும் அதிலேயே செலவாகி, எண்ணற்ற தளங்கள் 27 நிமிஷங்கள் 502 என்று காட்டி நின்றன. விதியைத் திரும்பப் பெற விரைந்த பொறியாளர்களுக்கு மற்றொரு தடையும் குறுக்கிட்டது: அவர்களுடைய உட்கருவிகளும் அதே காவலுக்குப் பின்னால் இருந்தன. அந்நிறுவனம் இவற்றையெல்லாம் ஒளிவின்றி எழுதி வெளியிட்டதை நான் மிகவும் போற்றுகிறேன். அந்த அறிக்கை இல்லாவிட்டால் இவ்வளவு திட்டமாக நாம் இதைப் பேச இயலாது. சிறிய தளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாதுகாப்புப் பிளகின் நிர்வாகியையே வெளியே தள்ளிவிட்டால், ஹோஸ்டிங் கணக்கின் வழியாகக் கோப்புகளுக்குள் நுழைந்து, அப்பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றி வைத்தால் அது அடங்கிவிடும். அந்த வழிக்குரிய கடவுச்சொல்லைத் தளம் நன்றாக இருக்கும்போதே கைவசம் வைத்திருக்க வேண்டும்.

காரணம் வெளிப்பட்டபின் பரிகாரத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். ஃபயர்வாலையே நிறுத்திவிட்டால் தமிழ்க் கடிதம் போய்விடும் என்பது உண்மை. அதே வழியாகத் திருடனும் போய்விடுவான். சந்தேக நிலையைக் குறைப்பது அதனினும் மேல். 942430 என்ற ஒரு விதியை மட்டும் நிறுத்துவது அதனினும் மேல். அவ்விதி அந்தப் படிவத்தின் முகவரியில், ‘செய்தி’, ‘ஊர் விவரம்’ என்னும் இரண்டு கட்டங்களை மாத்திரம் சோதிக்காமல் விட வேண்டும் என்று விலக்கு எழுதுவது எல்லாவற்றினும் மேல். ஏனைய கட்டங்களிலும் ஏனைய பக்கங்களிலும் காவல் முன்போலவே தொடரும். கோர் ரூல் செட்டின் மூன்றாம் பதிப்பிலேயே வேர்ட்பிரஸுக்கென்று ஒரு விலக்குத் தொகுப்பு இருக்கிறது. அதை இயக்கினாலன்றி அது வேலை செய்யாது, இயக்கினாலும் மூல வேர்ட்பிரஸின் கட்டங்களை அறியுமேயல்லாது பிறர் இயற்றிய பிளகின்களின் கட்டங்களை அறியாது. ஆதலால் நம்முடைய விலக்கை நாமே எழுதுவிக்க வேண்டியிருக்கிறது.

எழுதுவித்தபின், கேச்சுகள் யாவற்றையும் கிளியர் செய்துவிட்டு, இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். ழகரமும் ஙகரமும் ஈகாரமும் நிறைந்த ஒரு நீண்ட தமிழ்ப் பத்தியை இரண்டு கட்டங்களிலும் இட்டு அனுப்பி, அது போய்ச் சேருகிறதா என்று காண்பது ஒன்று. விலக்கு அளிக்கப்படாத ‘பெயர்’ என்ற கட்டத்தில், தரவுத்தளத்தை ஏமாற்ற முயல்பவன் எழுதக்கூடிய வரியொன்றை இட்டு அனுப்பி, 403 என்ற மறுப்பு இப்பொழுதும் வருகிறதா என்று காண்பது மற்றொன்று. இவ்விரண்டாவது சோதனையைச் செய்பவர் மிகச் சிலர். இரண்டும் தேறியபின், விலக்கு எழுதிய தேதியையும் காரணத்தையும் விதி எண்ணையும் தளத்தின் குறிப்பேட்டில் பதிந்து வைத்து, அதே விவரத்தைச் சோதனைப் பத்தியோடு சேர்த்து விதித்தொகுப்பைப் பேணுகிறவர்களுக்கும் எழுதியனுப்ப வேண்டும். தன்னார்வலர்களாகிய அவர்களுக்கு, எந்த மொழியில் எந்த எழுத்து தடைபடுகிறது என்பதை அம்மொழியில் எழுதுகிறவர்களைத் தவிர வேறு யாரும் தெரிவிக்க இயலாது.